வெறுந்தகடு

நோன்புப் பெருநாள் கழிந்து பத்தாம் நாள், லுஹர் தொழுதுவிட்டு வந்து முனாப் சாப்பிட உட்காரும் நேரத்தில், நெல் ஏற்றும் லொறி ஒன்று அவருடைய வளவுக்குள் பின்பக்கமாக வந்து நின்றது. லொறி நிறைய வைக்கோல். முன்பக்கத்திலிருந்து குதித்து இறங்கிய சரீப் முதலில் கேற்றைச் சாத்தினான். பிறகுதான் மச்சானுக்கு ஸலாம் சொன்னான்.

"வைக்கலை இஞ்ச என்னத்துக்குக் கொண்டந்த? நம்மள்ட்ட மாடா இரிக்கி?"

"உள்ளுக்க பாருங்களன், மச்சான்."

வைக்கோலை இழுத்துத் தள்ளத் தள்ள உள்ளேயிருந்து ஒரு கார் வெளிப்பட்டது. ஒஸ்டின் ஏ-40. முதுகு வளைந்த பழைய கார். நான்கு டயரும் காற்றுப் போய்ச் சப்பளிந்து கிடந்தன. நம்பர் தகடு இல்லை. வீட்டுக் கதவுக்கு அடிக்கிற பச்சைப் பெயின்டை யாரோ பிரஷ்ஷால் கண்டபடி பூசியிருந்தார்கள். கண்ணாடி ஓரங்களிலும் பச்சை வழிந்து காய்ந்திருந்தது. தென்னங்குற்றிகளைச் சாய்த்து வைத்து, லொறிக்காரனும் சேர்ந்து மூன்று பேருமாக அதை இறக்கினார்கள்.

முனாப் சாய்ந்தமருதில் முப்பது வருடமாக டிங்கர் வேலை செய்பவர். நெளிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்துவது, ஓட்டை விழுந்த இடத்தில் துண்டு வைத்து ஒட்டுவது, பெயின்டுக்குத் தயார் செய்வது. வீடு அவருடைய மனைவி நஸீறாவுக்குச் சீதனமாக வந்தது. வீட்டுக்குப் பின்னால், கிடுகு வேய்ந்த கொட்டில்தான் வேலைத்தலம். அங்கிருந்து கடல் இரண்டு வளவு தூரம். சரீப் நஸீறாவின் ஒரே தம்பி. வரிப்பத்தான்சேனையில் ஒரு போடியாரின் வயலைப் பார்த்துக்கொண்டு, அங்கேயே வாடிக் குடிசையில் படுத்துக் கிடப்பவன். வெள்ளிக்கிழமைதோறும் ராத்தா வீட்டுக்கு வருவான்.

"ஆர்ர கார்?"

"வயல் பக்கம் ஒரு ஆள்ட்டக் கிடந்த. கொழும்பு ஆள் ஒருத்தர் கேட்டிரிக்கார். சண்டை நிண்ட பிறகு இந்தப் பக்கம் பழைய கார் தேடித் திரியிறார்." சரீப் காரைப் பார்க்காமல் பேசினான். "பெயின்ட் அடிக்க வேணாமாம். பட்டியும் பூச வேணாமாம். எல்லாத்தையும் உரிச்சி வெறுந்தகடா வைக்கட்டாம். பட்டிக்குள்ள ஓட்டையை ஒளிச்சி விக்கிறாங்களாம், அதான். சித்திரைப் புதுவருசம் முடிய வந்து, தகட்டைப் பாத்துத்தான் எடுப்பாராம். ஒரு புள்ளி துரு இரிக்கப்படாதாம்."

"கடற்கரையில ஒரு மாசம் வெறுந்தகடா வைக்கிறதா? அந்த மனிசனுக்கு உப்புக் காத்துத் தெரியுமா?"

"அதுக்குத்தானே உங்கட்டக் கொண்டந்தன்."

சரீப் சாப்பிட உட்காரவில்லை. நஸீறா கீரி மீன் பொரித்து, கத்தரிக்காய்ப் பாலாணம் வைத்திருந்தாள். வேலை கிடக்கிறது என்று சொல்லி அதே லொறியில் திரும்பிப் போய்விட்டான்.

முனாப் வேலையைத் தொடங்கினார். காஸ்டிக் சோடாவைக் கரைத்துப் பூசி, பச்சையை ஊறவைத்துச் சுரண்டினார். பச்சைக்குக் கீழே பால் நிறம் வந்தது. அதையும் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, சாண்ட்பேப்பரால் தேய்த்து, கதவு கதவாகத் தகட்டை எடுத்தார். முதல் நாள் தேய்த்து வெள்ளியாய் வைத்த கதவு, மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது தேயிலைச் சாயம் ஊற்றியது போல் பழுப்பேறிக் கிடந்தது. கடல் பனிக்கு ஒரு இரவு போதுமாக இருந்தது.

அவர் திரும்பவும் தேய்த்தார். என்ன பூசுவது என்பதில் அவருக்கு ஐயமில்லை. தேங்காயெண்ணெய் பூசினால் எறும்பு வரும், தூசு ஒட்டும். எரிந்த எஞ்சின் ஒயிலில் புளிப்பு இருக்கும், அது தகட்டைத் தின்னும். வெறும் கிறீஸ் வெயிலுக்கு உருகி வழியும். மெழுகுதிரியை உருக்கி, கிறீஸோடு கலந்து, மண்ணெண்ணெய் விட்டு இளக்கித் துணியால் மெல்லியதாகப் பூச வேண்டும். மண்ணெண்ணெய் பறந்துபோக, மெழுகு தோல்போலப் படிந்து நிற்கும். நெருப்பில் நேராக வைத்தால் பற்றிக்கொள்ளும் என்பதால், பெரிய சட்டியில் கொதிநீர் வைத்து, அதற்குள் பால்மா டின்னை இறக்கி உருக்க வேண்டும். அந்த வேலை நஸீறாவுடையது.

"சோத்துலயும் மண்ணெண்ணெய் மணக்குது, தண்ணியிலயும் மணக்குது," என்றாள் அவள், டின்னைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து. "மகள் றுஸ்தா அவட மாமி வீட்டுக்குப் போனா, அங்க மூக்கைச் சுழிக்காங்களாம்."

"ஒரு மாசம் பொறு."

"ஒரு கார்தானே. இந்தளவு பக்குவம் என்னத்துக்கு?"

"வெறுந்தகடு புள்ள. தோல் உரிச்ச ஆடு மாதிரி. காத்துப் பட்டாலே காணும், துரு ஏறிடும்."

வெறுங்கையால் தொட்டால் வியர்வை பட்ட இடம் துருப்பிடிக்கும் என்று கையில் பழைய சாரத் துணியைச் சுற்றிக்கொண்டுதான் அவர் காரைத் தொட்டார்.

ஐந்தாம் நாள் இடப்பக்கப் பின்கதவை உரித்தபோது, பச்சையோடு சேர்ந்து சீமெந்துக் கட்டிபோல ஒன்று பெயர்ந்து விழுந்தது. அந்த இடத்தில் ஓட்டை. அதற்கு ஒரு சாண் தள்ளி இன்னொன்று. கதவுக்குப் பின்னால், டிக்கிக்கு மேலே வளைகிற தகட்டில் இன்னும் இரண்டு. அடுத்த தடவை வந்த சரீப் எட்டிப் பார்த்துவிட்டு, "துரு திண்ட ஓட்டை, மச்சான். பித்தளை வெச்சி மூடிடுங்க. அந்த ஆள்ட கண்ணுக்குத் தெரியப்படாது," என்றான்.

துரு தகட்டை உள்ளேயிருந்து தின்னும். பூச்சி தின்ற இலைபோல ஓரம் மெலிந்து, கறுத்து, கை பட்டால் உதிரும். இந்த நான்கும் பென்சிலால் குத்தியது போல் வட்டமாக இருந்தன. ஓரம் உள்ளே மடிந்திருந்தது. முனாப் தன் சுண்டு விரல் நுனியை ஒன்றில் வைத்துப் பார்த்தார். சரீப்பிடம் எதுவும் கேட்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குப் பிறகான ஐந்து வருடத்தில் இப்படியானவற்றைக் கேட்காமல் இருக்க ஊரே பழகியிருந்தது. கேஸைப் பற்றவைத்து, பித்தளைக் கம்பியை உருக்கி நிரப்பி, வெளிப்பக்கத்தைத் தட்டி, அரத்தால் ராவினார். பின்னேரம் அசர் தொழுகைக்கு முன்னால் வேலை முடிந்தது. மெழுகுக் கிறீஸைப் பூசிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் அங்கே ஓட்டை இருந்தது அவருக்கே தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து முன்சக்கரத்து மட்காட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டார். உள்பக்கம் மண்ணும் தாரும் அப்பியிருந்தது. சுரண்டிக்கொண்டு போனபோது உள்ளங்கை அளவில் ஒரு ஒட்டுத் துண்டு தெரிந்தது. மூலைகளை வட்டமாக வெட்டி, பித்தளையால் ஒட்டி, ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு ஆணி அறைந்த துண்டு. மண்ணெண்ணெய்ப் பரலில் வெட்டிய தகடு. பரலின் எழுத்துப் பாதி புடைத்தபடி கிடந்தது.

முனாப் குந்திய இடத்திலேயே இருந்தார். மூலையை வட்டமாக வெட்டுவது அவருடைய வேலை. அந்தப் பரலையும் அவர் மறக்கவில்லை. எண்பத்து மூன்றில், மாரி மழையில், மாவடிப்பள்ளி ரோட்டில் எருமை மோதி நசுங்கிய மட்காட் அது. கார், பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவு நல்லரெத்தினத்தினுடையது. ஹயர் என்று வாடகைக்கு ஓடுகிற கார். அன்று முழுக்க நல்லரெத்தினம் இதே கொட்டிலில் குந்தியிருந்து, நஸீறா கொடுத்த சோற்றைத் தின்று, அந்திக்குத்தான் காரோடு போனார். அடுத்த வருடம் றுஸ்தா பிறக்க நஸீறாவுக்கு நோவு எடுத்தபோது, அடைமழைக்குள் ஆசுபத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனதும் அவர்தான். தொண்ணூறாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு ஹயருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. காரும் வரவில்லை. மறுவருடம் அவருடைய மனைவி செல்லத்தங்கம், கல்முனைப் பக்கத்து டிங்கர்மார் எல்லோருக்கும் ஆள்விட்டுக் கேட்டிருந்தார்: இன்ன கார், பால் நிறம், யாருடைய கைக்காவது வந்ததா? முனாப்புக்கும் அந்தச் சொல் வந்தது. வந்தால் சொல்கிறேன் என்று பதில் அனுப்பியிருந்தார்.

பகல் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு அவர் அதை நஸீறாவிடம் சொன்னார். அவள் அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள்.

"உங்களுக்கு வடிவாத் தெரியுமா? எத்தின ஒஸ்டின் ஓடின."

"என்ட கையால வெட்டின துண்டு."

"அப்ப இவன்..." அவள் சட்டியை மூடினாள். "அந்தக் காருக்குள்ள நான் எவ்வளவு சத்தம் போட்ட. அந்த மனிசன் 'பயப்படாத தங்கச்சி, கிட்ட வந்திட்டம்' எண்டு செல்லிச் செல்லி ஓடினார்," என்றாள்.

"அதான் கேக்கிறன், என்ன செய்வம்?"

"ஒண்டும் செய்ய வேணாம். அவன் என்ட தம்பி. அவன் செய்திரிக்க மாட்டான். காரைப் பூசிக் குடுங்க. போகட்டும். கண்காணாத இடத்துக்குப் போகட்டும்."

"ஓட்டையை மூடின கை என்ட கை, நஸீறா."

"மூடினது மூடினதுதான். கதைக்காதிங்க," என்றாள் அவள். அன்று அவளும் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குச் சரீப் வந்தான். ஒரு சாக்குப் புது நெல்லும் கொஞ்சம் குளத்து மீனும் கொண்டுவந்திருந்தான். தொழுதுவிட்டு வந்ததும் முனாப் அவனைக் கொட்டிலுக்குக் கூட்டிப் போய், மட்காட்டைக் கவிழ்த்துக் காட்டினார். நஸீறாவும் பின்னால் வந்து கொட்டிலின் கப்புக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது நான் வெச்ச துண்டு. இது ஆர்ர கார் எண்டு எனக்குத் தெரியும். இப்ப நீ செல்லு."

சரீப் மட்காட்டைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

"நான் சுடல்ல, மச்சான்."

"ஆர் சுட்ட?"

"தெரியா. அந்த நேரம் துவக்கு எல்லார்ட்டயும் இருந்திச்சி. சிறுபோக வெள்ளாமைக்குத் தண்ணி கட்டப் போன நான். வெயில் ஏறல்ல. வாய்க்கால் கட்டுல கார் நிக்கிது. கதவெல்லாம் தொறந்து கிடக்கு. கிட்டப் போனா, பின் சீற்றுல ஆள் சாய்ஞ்சி கிடக்கு. வகுத்துல வெடி பட்டிருந்திச்சி."

"மௌத்தாப் போயிருந்தாரா?"

சரீப் மட்காட்டைத் திருப்பி நிமிர்த்தி வைத்தான்.

"செல்லுடா."

"இல்ல."

நஸீறா மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள்.

"தண்ணி கேட்டார். வாய்க்கால்ல அள்ளிக் குடுத்தன். 'தம்பி, கார் ஓடும், திறப்பு அதுலதான் இரிக்கு, என்னைக் கொண்டுபோ' எண்டார். ஓட்டுற சீற்றுல ஏறித் திறப்பைத் திருப்பினன். ஸ்டார்ட் எடுத்திச்சி, மச்சான். ஒரே இழுவைக்கு எடுத்திச்சி." அவன் கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். "ரெண்டு மைல்கட்டைக்கு அங்கால செக் பொயின்ட். வெடிபட்ட ஆளோட போனா, நீதான் சுட்ட எண்டு என்னைப் போடுவாங்க. மற்றப் பக்கத்தால போனா, எங்கட ஆளைச் சுட்டுக் கொண்டு வாறான் எண்டு தமிழ் ஆக்கள் போடுவாங்க. அந்த மாசம் ரெண்டு பக்கமும் எத்தின மையித்து விழுந்த. நிப்பாட்டிட்டன். எஞ்சினை நிப்பாட்டிட்டு இறங்கி வந்து, அவர்ர தலையைத் தூக்கி மடியில வெச்சிட்டு இருந்தன். அசருக்கு முந்தி முடிஞ்சிட்டு."

"காலமேயிருந்து அசர் மட்டுமா?" என்று கேட்டாள் நஸீறா.

"ஓம், ராத்தா."

கொட்டிலின் கிடுகுகள் காற்றுக்கு அடித்துக்கொண்டன. பத்து நாள் அந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்திருக்கிறார்.

"எங்க வெச்ச?"

"கட்டுக்குக் கீழ, மருத மரத்தடியில. வாடிக்குக் காவலிருந்த வயசாளியும் நானும்தான் தோண்டினம். அவரும் இப்ப இல்ல. எங்கட முறைக்குத்தான் வெச்சம். வேற முறை எனக்குத் தெரியா. மறுகா காரைத் தள்ளிக் கொண்டுபோய் வைக்கல் போருக்குள்ள மறைச்சன். அது அங்க கிடக்குமட்டும் எனக்கு நித்திரையில்ல. விக்கிறது காசுக்கு எண்டு நினைக்காதிங்க. அது என்ட கண்ணுல படாம எங்கயாச்சும் போகோணும்."

"அந்தப் பொஞ்சாதி அஞ்சி வருசமாத் தேடுது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"என்னெண்டு போய்ச் செல்ல? 'உங்கட மனிசன் கொண்டுபோ எண்டு கேட்டார், நான் மாட்டன் எண்டிட்டன்' எண்டா?"

நஸீறா எழுந்து போய்விட்டாள். குசினிக்குள் அவள் மீனைக் கழுவுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

மறுநாள் காலையில் முனாப் சைக்கிளில் மாளிகைக்காட்டைக் கடந்து காரைதீவுக்குப் போனார். ஒரு கட்டைத் தூரம். ஐந்து வருடத்தில் அந்தப் பக்கம் போனதில்லை. செல்லத்தங்கம் முற்றத்தில் பெரிய பரலில் நெல் அவித்துக்கொண்டிருந்தார். அவித்துக் காயவைத்துக் குற்றி, அரிசியாக விற்றுத்தான் அவர் வாழ்கிறார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. நெற்றியில் குங்குமம் இருந்தது. முற்றத்து மூலையில் கார் விடுகிற கொட்டில். உள்ளே நெல் மூட்டைகள்.

"முனாப் தம்பியா? தாடி நரைச்சிற்று," என்றார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "கார் கிடைச்சிற்றா?" என்று கேட்டார்.

"ஓம், அக்கா."

"ஆள்?"

முனாப் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்லத்தங்கம் குனிந்து, பரலுக்குக் கீழே எரிந்த விறகுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து மண்ணில் குத்தி அணைத்தார். நெல் குழைந்துவிடும் என்பதற்காக அதைத்தான் முதலில் செய்தார். எல்லா விறகும் அணைந்த பிறகு அணைந்த விறகின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். அழுகை சத்தமில்லாமல் வந்தது.

"கண்ட ஆள் ஒருத்தன் இரிக்கான், அக்கா. என்ட மச்சினன். அவன்ட வாயால கேளுங்க. நான் இடையில நிண்டு செல்லிறது சரியில்ல."

ஞாயிற்றுக்கிழமை செல்லத்தங்கம் தனியாகவே வந்தார். நஸீறா கேற்றடியில் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பாய் விரித்தாள். அவர் உட்காரவில்லை, நேராகக் கொட்டிலுக்குப் போனார். முனாப் காரின் மேல் மூடியிருந்த படங்கை இழுத்தார். பெயின்டும் நம்பரும் இல்லாமல், மெழுகு மினுக்கத்தோடு வெறுந்தகடாக நின்ற அதைச் செல்லத்தங்கத்துக்கு அடையாளம் தெரியவில்லை. சுற்றி வந்தார். ஓட்டுநர் பக்கத்துக் கதவின் கைபிடியைத் தொட்டபோதுதான் நின்றார். அது ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. உள்ளங்கையை விரித்துத் தகட்டில் வைத்தார். கை பட்ட இடம் விடியத் துருப்பிடிக்கும். முனாப் தடுக்கவில்லை.

"வெடி எங்க பட்டது?"

"அங்கால பின்கதவுல ரெண்டு. அதுக்குப் பின்னால ரெண்டு. தெரியாம நான் மூடிட்டன், அக்கா." பிறகு, "தெரியாம எண்டும் செல்ல ஏலா," என்றார்.

செல்லத்தங்கம் அங்கே போய் விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. முனாப் அவருடைய விரலைத் துணிக்கு மேலால் பிடித்து அந்த இடத்தில் வைக்க வேண்டியிருந்தது.

சரீப் வீட்டுக்குள்ளிருந்து வந்தான். முந்தாநாள் சொன்னதையே சொன்னான். எதையும் விடவில்லை. 'கார் எடுத்திச்சி' என்ற இடத்தை மட்டும் திரும்ப ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது. செல்லத்தங்கம் அவனைப் பார்க்காமல், காரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடிந்த பிறகு ஒன்றுதான் கேட்டார்.

"தலையை எந்தப் பக்கம் வைச்சீங்க?"

"வடக்கால. முகம் கிப்லாவுக்கு, மேற்கால."

"வடக்கயா." அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "வடக்க தலை வைச்சுப் படுக்க மாட்டார். நான் பாயை மாறிப் போட்டாலும் எழும்பித் திருப்பிப் போட்டுத்தான் படுப்பார்."

நஸீறா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அது ஆறிப்போனது. புதுவருடம் முடிய, வெயில் கொஞ்சம் தணிந்த ஒரு நாளில், எல்லோருமாக வரிப்பத்தான்சேனைக்குப் போய் இடத்தைப் பார்ப்பதென்று முனாப் சொன்னார். செல்லத்தங்கம் தலையசைத்தார். புறப்படும்போது அவர் முனாப்பிடம் திரும்பினார்.

"காணாமப் போன ஆக்களைப் பற்றி விசாரிக்க அரசாங்கத்து ஆக்கள் கல்முனைக்கு வாறாங்களாம். பதியப் போனன். 'என்ன ஆதாரம் இரிக்கு' எண்டு கேக்கிறாங்க. ஆளும் இல்ல, காரும் இல்ல. 'வேற எங்கயும் போய் இருப்பாரோ' எண்டு ஒருத்தர் கேட்டார், தம்பி. என்னை வைச்சுக்கொண்டே." அவர் கதவைக் காட்டினார். "அந்த ஓட்டையைத் திருப்பித் திறக்க ஏலுமா?"

அவர் போன பிறகு நஸீறா கொட்டிலுக்கு வந்தாள்.

"தொறக்கப் போறீங்களா?"

"கேட்டிட்டாவே."

"ஓட்டையைக் கண்டா, கார் எங்க கிடந்த எண்டு கேப்பாங்க. ஆர் கொண்டந்த எண்டு கேப்பாங்க. மறுகா? அவனை இழுத்துக்கொண்டு போவாங்க. நீங்கதான் அவனைக் குடுத்த எண்டு நான் சாகுமட்டும் நினைப்பன்."

"அந்த மனிசன் உன்னை மழைக்குள்ள கொண்டு போனார், நஸீறா. ஆத்துத் தண்ணி ரோட்டுல ஓடச்சே கொண்டு போனார்."

"அதுக்கு என்ட தம்பியையா கேக்கிறீங்க?"

அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுவாள். மெழுகு உருக்கவும் வரவில்லை. கொதிநீர்ச் சட்டியை அவரே வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, மூன்றாம் நாள் அவர் கேஸைப் பற்றவைத்தார். சுவாலையைச் சின்னதாக்கி, மூடிய இடத்தின் மேல் பிடித்தார். பித்தளை சிவந்து, மினுங்கி, இளகியது. உள்ளே கையை விட்டு மெல்லத் தட்டியபோது துளியாக உருண்டு மணலில் விழுந்தது. வெளிப்பக்கத்தை அவர் ராவியிருந்தாலும் உள்பக்கத்தில் தகடு மடிந்திருந்தது அப்படியே இருந்தது. நான்கையும் திறக்க அரை நாள் போனது.

பிறகுதான் அவருக்குப் பெரிய வேலை தொடங்கியது. சூடு பட்ட தகடு மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கும். ஓரம் துருப்பிடித்துத் தின்னப்பட்டுப் போனால், அது துரு தின்ற ஓட்டைதான் என்று யாரும் சொல்லிவிடலாம். சரீப் சொன்னது போலவே. தீக்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, மெழுகுக் கிறீஸில் தோய்த்து, ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்தையும் உள்ளும் புறமும் பூசினார். காலையில் ஒருதரம், அந்திக்கு ஒருதரம். கொழும்புக்காரருக்காக வேலை செய்த நாட்களில்கூட அவர் இவ்வளவு பக்குவமாகப் பூசியதில்லை. சரீப் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பான். அவன் வயலுக்குத் திரும்பிப் போகவேயில்லை. போடியார் இரண்டு தடவை ஆள் அனுப்பினார். சுகமில்லை என்று சொல்லிவிட்டான்.

புதுவருடம் கழிந்து ஐந்தாம் நாள் சண்டை மறுபடியும் தொடங்கியது. சந்தியில் மண்மூட்டைகள் ஏறின. கொழும்புக்காரர் வரப்போவதில்லை என்று, கல்முனையில் போன் வைத்திருந்த கடை ஒன்றுக்குச் சொல்லி அனுப்பினார். விசாரணை தேதி குறிப்பிடாமல் தள்ளிப்போடப்பட்டது. வரிப்பத்தான்சேனைப் பக்கம் ஒரு தமிழ்ப் பெண் போய் மருத மரத்தடியில் நிற்கக்கூடிய காலம் முடிந்துவிட்டது. பொழுது விழ முன்னர் எல்லோரும் கதவைச் சாத்திக்கொள்ளும் பழைய வழக்கம் ஊருக்குத் திரும்பி வந்தது.

முனாப் கிறீஸ் பூசுவதை நிறுத்தவில்லை.

அடுத்த கிழமை, காலை பத்து மணிபோல, செல்லத்தங்கம் வந்தார். கூடவே கல்முனையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அச்சிமுகம்மது, கமராப் பையைச் சேலைக்கடைப் பைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார்.

"விசாரணை எப்ப வருமோ தெரியா," என்றார் செல்லத்தங்கம். "கார் எத்தின நாளைக்கு இரிக்குமோ அதுவும் தெரியா. படமாவது இரிக்கட்டும்."

"படம் எடுப்பன்," என்றார் அச்சிமுகம்மது. "பின்னுக்கு என்ட ஸ்டூடியோ சீல் அடிக்க மாட்டன். இப்பவே செல்லிறன்."

முனாப் படங்கை விலக்கி, துணியால் மெழுகைத் துடைத்துத் தகட்டைத் தெளிவாக்கினார். மட்காட்டின் உள்ளேயிருந்த ஒட்டுத் துண்டை முதலில் எடுத்தார்கள். பிறகு முழுக் காரை. பிறகு கதவு. கமராவைக் கண்ணில் வைத்த அச்சிமுகம்மது தலையை ஆட்டினார்.

"ஓட்டைட அளவு படத்துல வெளங்காது. பக்கத்துல ஆராச்சும் விரலை வைங்க."

முனாப் தன் கையைப் பார்த்தார். கை முன்னே போகவில்லை. அது தன் மனைவியின் தம்பியைக் காட்டிக்கொடுக்கும் விரல் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். செல்லத்தங்கம் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முன்னே வரப் போனபோது, குசினி வாசலில் நின்ற சரீப் நடந்து வந்தான். காருக்குப் பக்கத்தில் குந்தி, இரண்டு ஓட்டைக்கும் நடுவில் சுட்டு விரலை வைத்தான்.

"தம்பி, முகமும் விழுந்திடும். கொஞ்சம் அங்கால தள்ளுங்க," என்றார் அச்சிமுகம்மது.

"விழட்டும்," என்றான் சரீப்.

நஸீறா குசினி வாசலிலிருந்து ஒரு அடி முன்னே வந்தாள். பிறகு நின்றுவிட்டாள். கமரா மூன்று தடவை சத்தம் போட்டது.

எல்லாம் முடிந்து, அச்சிமுகம்மது பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் போய்விட்டார். செல்லத்தங்கம் கேற்றடியில் நின்றார். அந்த வளவுக்குள் முதல் தடவையாகச் சரீப்பின் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க குடுத்த தண்ணி என்ன தண்ணி?"

"வாய்க்கால் தண்ணி. குளத்தால வாறது."

"கலங்கலா?"

"இல்ல. தெளிஞ்ச தண்ணி. காலமதானே. குளிர்ந்திருந்திச்சி."

"குடிச்சாரா, வாயால வழிஞ்சிற்றா?"

"குடிச்சார். ரெண்டு தரம் கேட்டுக் குடிச்சார்."

அவர் தலையசைத்தார். வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு பிரதான வீதிப் பக்கமாக நடந்தார்.